கவரேஜ் உள்ள மைதானம்

“…மரம் நிண்டால் நிக்கட்டும், தண்ணி கிடந்தால் கிடக்கட்டும். ஆனால் போனிலை இரண்டு கோடாவது நிக்கவேணும் அக்கா. கவரேஜ் இல்லாத இடத்துக்கு நான் வரமாட்டன். இப்பவே சொல்லிப்போட்டன்.”

என் தம்பி குகன் இதைச் சொன்னபோது டென்மார்க்கில், அல்பர்ட்ஸ்லுண்டில் தன் வீட்டு வாசலில் குந்தியிருந்து சப்பாத்து நாடா கட்டிக்கொண்டிருந்தான். ஒற்றைக் கையால் நாடா கட்டுகிற மனிதனை நான் அன்றைக்குத்தான் கண்டேன். மற்றக் கையில் போன். 2009இன் அந்த மே மாதத்தில் அவன் குளிக்கப் போனாலும் அது சவர்க்காரத்துக்குப் பக்கத்தில் இருந்தது.

காரணம் எங்கள் சாந்தி. மூன்று பேரில் நான் மூத்தவள், குகன் கடைசி, நடுவில் சாந்தி. வன்னியில் கலியாணம் முடித்து அங்கேயே இருந்துவிட்டவள். சண்டை பின்னால் துரத்தத் துரத்தப் புருசனோடும் மகளோடும் கடற்கரை வரைக்கும் போய்விட்டாள். சித்திரை வருசத்துக்கு முன்னர் யாரோ ஒருவரின் செற்றலைட் போனில் ஒருமுறை கதைத்தாள். அதற்குப் பிறகு சத்தமில்லை. அவளுக்குப் பாடமான நம்பர் குகனுடையது மட்டும்தான். நான் மலிவான போன் கொம்பனி வர வர மாறிக்கொண்டு போனவள். அவன் மாறாதவன். ஆகவே அவள் கூப்பிடக்கூடிய ஒரே இடம் தன் உள்ளங்கைதான் என்பதை அவன் ஒரு கணமும் மறக்கவில்லை.

நான் கனடாவில், ஸ்காபரோவில், ஒரு பாண் தொழிற்சாலையில் வேலை செய்கிறவள். அந்த நாட்களில் வேலை முடிந்ததும் நேரே றோட்டுக்குப் போய், சண்டையை நிறுத்தச் சொல்லிச் சனத்தோடு சனமாகப் பதாகை பிடித்து நின்றேன். கால் வீங்கிப்போயிருந்தது. அப்போதுதான் குகனின் மனைவி வனிதா போன் எடுத்தாள். “மச்சாள், இவர் ரீவிக்கு முன்னாலை இருந்து எழும்புறாரில்லை. வேலைக்கும் சுகமில்லை எண்டு சொல்லிப்போட்டார். டொக்டர் வெளியிலை நடக்கச் சொல்லுறார். நான் சொன்னால் கதிரைக்குச் சொன்ன மாதிரிக் கிடக்கு. ஒருக்கால் வந்து அதட்டிவிடுங்கோ.” அதட்டுவதற்காக விமானம் ஏறிய ஆள் நானாகத்தான் இருக்கும்.

குகனுக்கு ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. அவனோடு கூட வேலை செய்கிற டேனிஷ்காரன், இவன் சும்மா நடக்கிற ஆள் இல்லை என்று தெரிந்துவைத்திருந்தானோ என்னவோ, ஒரு துணிப்பையில் மூன்று பிளாஸ்ரிக் தட்டுகளைப் போட்டுக் கொடுத்து அனுப்பியிருந்தான். டிஸ்க் கோல்ஃப் என்று பெயர். கோல்ஃப் மாதிரித்தான், ஆனால் பந்தும் இல்லை, தடியும் இல்லை, குழியும் இல்லை. ஒரு கம்பத்தில் சங்கிலிகளைத் தொங்கவிட்டு, கீழே ஒரு இரும்புக் கூடை வைத்திருப்பார்கள். தூரத்தில் நின்று தட்டை எறிந்து, விழுந்த இடத்திலிருந்து திரும்ப எறிந்து, கூடைக்குள் போடவேண்டும். குறைய எறிந்தவர் கெட்டிக்காரர். பூங்காக்களில், காடுகளில், காசு வாங்காமல் விட்டிருக்கிறார்கள்.

வனிதா தட்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “கோப்பை கழுவப் பஞ்சியிலை எறிஞ்சு விளையாடுற சனத்தை இப்பதான் பாக்கிறன்” என்றாள். இப்படியான கதைகளைக் கேட்டால் எனக்கு வயிறு நிறைந்துவிடும். அன்றைக்கு அவள் லெவர்போஸ்டை என்கிற ஈரல் களியைக் கறுப்புப் பாணில் பூசி, அதன் மேல் கட்டைச் சம்பல் வைத்துத் தந்தாள். அதிலும் வயிறு நிறைந்தது.

தட்டுத் தந்தவன் புத்திமதியும் சொல்லியிருந்தான்: புதிதாகப் பழகுகிறவர்கள் கட்டையான மைதானமாகப் பார்க்கவேண்டும். அகலமான வெளி, குறைய மரம், கூடைக்குப் பின்னால் தண்ணீர் கூடாது, நிற்கிற இடத்திலிருந்து கூடை தெரியவேண்டும். அதோடு குகன் சேர்த்ததுதான் அந்த இரண்டு கோடு. இந்த உலகத்தில் தட்டெறிய இடம் தேடிய எவரும் போனைத் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு தேடியிருக்கமாட்டார்கள்.

முதல் மைதானத்துக்கு ரயிலில் போனோம். இங்கே ரயிலுக்கு ஒரு மட்டை இருக்கிறது, அதை மேடையில் நிற்கிற மஞ்சள் பெட்டிக்குள் விட்டால் ‘டிங்’ என்று ஒரு துண்டைக் கடித்து எடுக்கும். குகன் போனைப் பார்த்துக்கொண்டு நிற்க, நான் எனக்கு ஒன்று, அவனுக்கு ஒன்று, சரியாக விழவில்லையோ என்று இன்னும் ஒன்று என்று விட்டுக்கொண்டே இருந்தேன். பெட்டியும் மறுக்காமல் கடித்தது. ரயிலில் வந்த பரிசோதகர் மட்டையை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். சீப்பு மாதிரி இருந்தது. ஏதோ சொன்னார். குகன் பெயர்த்தான்: “இவ்வளவுக்கு நீங்கள் சுவீடனுக்குப் போய்ச் சாப்பிட்டிட்டுத் திரும்பலாமாம்.” ரொறன்ரோவில் என்றால் இந்தப் பகிடிக்குப் பதிலாக எனக்கு ஒரு பிரசங்கம் கிடைத்திருக்கும்.

அந்த மைதானம் வடிவானது. அதுதான் அதன் குறை. வடிவுக்காக நடுவில் ஒரு குளம் வைத்திருந்தார்கள். குகன் ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மற்றக் கையால் எறிந்தான். இந்தத் தட்டு வலக்கைக்காரன் எறிந்தால் கடைசியில் இடப்பக்கம் சாயும், அது அதன் குணம். குணத்தைக் காட்டியது. தண்ணீரில் ஒரு வாத்துக்குப் பக்கத்தில் இறங்கி, கொஞ்சம் மிதந்து, பிறகு மெல்லத் தாழ்ந்தது.

“மூண்டு இருந்தது…” என்று நான் தொடங்கினேன்.

“எண்ணாதை அக்கா,” என்றான்.

நான் எண்ணவில்லை. அந்த நாட்களில் வீட்டில் நாங்கள் எதையும் எண்ணுகிறதில்லை.

திரும்பும் வழியில் நிலையத்தடியில் ஒரு சிவப்புச் சொசேஜ் வண்டில். விற்கிற தடித்த மனிதன் பாணைக் கையில் வைத்துக்கொண்டு என்னை ஒரு கேள்வி கேட்டான். “எல்லாத்தோடையுமோ எண்டு கேக்கிறான்” என்றான் குகன். கடுகு, தக்காளிச் சாறு, மஞ்சளாக ஒரு களி, பச்சை வெங்காயம், பொரித்த வெங்காயம், வெள்ளரிக்காய். எல்லாத்தோடையும்தான் என்றேன். வாழ்க்கையில் என்னை ஒருவரும் அப்படிக் கேட்டதில்லை. குகன் தன்னுடையதை அரைவாசி தின்றுவிட்டு எனக்கு நீட்டினான். விற்கிற மனிதன் பார்த்துக்கொண்டிருந்தான், அவன் முகத்துக்காகத் தின்றேன்.

அடுத்த நாள் டோஸ்ட்ருப் பக்கம் பஸ்ஸில் போனோம். பாதை தெரியாமல் ஒரு தரிப்பு முந்தி இறங்கி, கடுகு மாதிரி மஞ்சளாகப் பூத்த வயல் ஓரமாக நடந்தோம். மைதானம் ஒரு காட்டுக்குள். இலை புதிதாக விட்டிருந்தது, உள்ளே வெளிச்சம் பச்சையாக இருந்தது. புதியவர்களுக்கு இது சரிவராது என்று இரண்டாம் எறியிலேயே தெரிந்துவிட்டது. மரத்தில் பட்டுத் தட்டு எங்களுக்குப் பின்னால் வந்து விழுந்தது. நாங்கள் விளையாடியதைவிடத் தேடியதுதான் கூட.

மூன்றாம் கூடையடியில் நாயோடு வந்த ஒரு பெண் நின்று, சிரித்த முகமாக என்னைப் பார்த்து ஏதோ கேட்டாள். எனக்கு டேனிஷ் தெரியாது. ஆனால் அந்த வசனத்தின் கடைசிச் சொல் தெளிவாகக் காதில் விழுந்தது: காஸ்ட்.

நான் குகனிடம் திரும்பினேன். “என்னடா, இஞ்சையும் சாதி கேக்கிறாளோ?”

“ஆர்?”

“உவள்தான். காஸ்ட் எண்டாள். என்ரை காதாலை கேட்டனான். நாயோடை நடக்க வந்த இடத்திலை இவளுக்கு என்னத்துக்கு எங்கடை சாதி?”

குகன் ஒரு நிமிடம் என்னைப் பார்த்தான். பிறகு மரத்தைப் பிடித்துக்கொண்டு சிரிக்கத் தொடங்கினான். சிரித்துச் சிரித்து நிலத்தில் இருந்துவிட்டான். “காஸ்ட் எண்டால் எறி, அக்கா. எத்தினை எறியிலை போட்டனியள் எண்டு கேக்கிறா.” அந்தப் பெண்ணும் காரணம் தெரியாமலே சிரித்தாள். நாயும் வாலாட்டியது. இருபத்தைந்து வருசமாக வெளிநாட்டில் இருந்தும் அந்தச் சொல்லைக் கேட்டவுடன் எங்கள் ஆட்களுக்கு மட்டும் முதுகு நிமிர்கிறது பாருங்கள். எத்தனை எறி என்று சொல்ல எனக்கு வெட்கமாக இருந்தது. சாதியைக் கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

அவன் சிரித்த சந்தோசத்தில் நான் நாலாம் கூடைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அது ஒரு பள்ளத்துக்குள் இருந்தது. பாதி வழியில் அவன் போனைப் பார்த்தான். கோடு ஒன்றுமில்லை. திரும்பி ஓடினான். சப்பாத்து சேற்றில் புதையப் புதைய, கிளைகளைக் கையால் தள்ளிக்கொண்டு, நாற்பத்தெட்டு வயது மனிதன் காட்டுக்குள்ளால் ஓடினான். நான் தட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு மூச்சிரைக்கப் பின்னால் போய்ச் சேர்ந்தபோது றோட்டு ஓரத்தில் குந்தியிருந்தான்.

“வந்ததோ?”

“ஒண்டும் வரேல்லை.”

தவறிய அழைப்பு ஒன்று கிடந்திருந்தால் அவன் செத்துப்போயிருப்பான். ஒன்றுமே கிடக்காததும் அவனுக்கு ஆறுதலாக இல்லை. நானும் பக்கத்தில் குந்தினேன். பஸ் வந்தது, போனது, நாங்கள் எழும்பவில்லை. அடுத்ததில் போகலாம் என்று இருந்தோம்.

வீட்டில் வனிதா சமைத்துக்கொண்டிருந்தாள். கையிலிருந்த கரண்டி நழுவ, “ஐயோ, விழுந்திட்டுது” என்றாள். அவ்வளவுதான். குகன் அறைக்குள்ளிருந்து பாய்ந்து வந்து, “எது? எது விழுந்தது?” என்று கேட்டான். அவள் குனிந்து கரண்டியை எடுத்துக் காட்டினாள். அந்த வருசம் அந்தச் சொல்லுக்கு எங்களிடம் வேறு கருத்து இருக்கவில்லை. கிளிநொச்சி விழுந்தது, புதுக்குடியிருப்பு விழுந்தது, ஒவ்வொன்றையும் யாரோ ஒருவர் போனில் அந்த ஒரு சொல்லில்தான் சொன்னார். பிறகு மழை விழுந்தது என்று சொல்லவும் சனம் யோசித்தது.

கடல் தாண்டி மேற்கே, கோல்டிங்கில் ஜேம்ஸ் அண்ணை இருக்கிறார். குகனோடு ஒரே அகதி முகாமில் இருந்து இந்த நாட்டைத் தொடங்கியவர், இப்போது ஒரு தொழிற்சாலையில் மேற்பார்வை, ஞாயிறுகளில் சபையில் கிற்றார் அடிப்பவர். போனில் கதை கேட்டுவிட்டு, “உங்கை நிண்டு குளத்துக்கை எறியாமல் இஞ்சாலை வாருங்கோ. இஞ்சை ஒரு வெளி கிடக்கு. மாடு கட்டினால் மாட்டுக்கே வெறுத்துப்போம், அப்பிடி வெறும் வெளி. கவரேஜ் முழுக்கோடு” என்றார்.

குகன் ரயிலில் வரமாட்டேன் என்றான். ரயில் கடலுக்கு அடியில் சுரங்கத்துக்குள்ளால் போகும், போன் செத்துப்போகும். கார் பாலத்துக்கு மேலால் போகும். அவனோ நித்திரை கொள்ளாதவன், ஆகவே அவனுடைய காரை நான்தான் ஓட்டினேன். கனடாவில் கியர் மாற்றிப் பழக்கமில்லை. பெரிய பாலத்தில் காசு கட்டுகிற படலையடியில் கார் நின்றது. திறப்பைத் திருப்பினேன், துள்ளியது, திரும்ப நின்றது. பின்னால் ஒரு நீண்ட வரிசை. ஒருவரும் ஹோர்ன் அடிக்கவில்லை. ஸ்காபரோவில் என்றால் இந்நேரம் என் பரம்பரையையே இழுத்திருப்பார்கள். இங்கே அந்த மௌனம்தான் எனக்கு வியர்க்க வைத்தது. “கிளச்சை மெல்ல விடு அக்கா, மெல்ல,” என்று குகன் சொன்னான், கண் போனில். பாலத்தில் இரண்டு பக்கமும் கடல், சாம்பல் நிறம். நான் கியரைப் பார்த்தேன், அவன் போனைப் பார்த்தான், கடலை ஒருவரும் பார்க்கவில்லை.

ஜேம்ஸ் அண்ணை வீட்டில் இடியப்பமும் சொதியும். சாப்பிட முன்னர் எல்லோரும் கண்ணை மூடச் செபம் பண்ணினார். நாங்கள் கோயில்காரர், ஆனாலும் மூடினோம். குகன் ஒரு கண்ணை மட்டும் மூடினான் என்று நினைக்கிறேன், மற்றது போனில். செபம் முடிந்ததும் ஜேம்ஸ் அண்ணை அவன் தோளில் தட்டி, “ஆண்டவற்றை லைன் எப்பவும் கிடக்கும் தம்பி. எங்கடை கொம்பனிக்காரங்கள்தான் இடைக்கிடை வெட்டிப்போடுறாங்கள்” என்றார். வேறு நாளாயிருந்தால் இதைப் பத்துப் பேருக்குச் சொல்லியிருப்பேன்.

அடுத்த நாள் காலை அவர் வேலைக்குப் போகிற வழியில் எங்களை இறக்கிவிட்டுப் போனார். சொன்னது உண்மை. சாய்வான புல்வெளி, கட்டையான தூரங்கள், ஒவ்வொரு கூடையும் நின்ற இடத்திலிருந்தே தெரிகிறது, அடுத்ததுக்கு எந்தப் பக்கம் என்று கம்பத்திலேயே அம்புக்குறி. குளமில்லை, பள்ளமில்லை. பிழையாக எறிந்தாலும் தட்டு புல்லில் கிடந்து உங்களைப் பார்த்துக்கொண்டிருக்கும். இந்த விளையாட்டைத் தொடங்க நினைக்கிற எவருக்கும் சொல்லுவேன், இப்படி ஒரு மொட்டை வெளியைத்தான் தேடுங்கள். குகன் போனை எனக்குக் காட்டினான். எல்லாக் கோடும் நின்றது.

தொடக்கத்தில் ஒரு வயதான டேனிஷ் சோடி எங்களுக்கு முன்னால் நின்றது. கிழவர் என் கையைப் பிடித்து, தட்டின் விளிம்பை விரல்களால் எப்படி இறுக்குவது என்று காட்டினார். மனைவி குகனோடு கதை கொடுத்தாள்.

“நீ என்ரை மனிசியோ எண்டு கேக்கிறா,” என்றான்.

“அடக் கடவுளே. அவ்வளவு பாவம் செய்தனானோ நான்?”

“அக்கா எண்டு சொல்லிப்போட்டன்.”

அந்த மனிசி சிரித்தபடி இன்னொன்று கேட்டாள். குகன் பைக்குள் தட்டைத் தேடுகிறவன் மாதிரிக் குனிந்துகொண்டான். அவர்கள் இரண்டு பேரும் எறிந்துவிட்டு முன்னால் போனார்கள்.

“என்னடா கேட்டவ?”

“வேறை சகோதரங்கள் இருக்கினமோ எண்டு.”

“அதுக்கு வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே.”

“என்னெண்டு சொல்லுறது? இருக்கினம் எண்டோ, இருந்தவை எண்டோ? உந்தப் பாசையிலையும் அதுக்கு இரண்டு சொல்லுத்தான் கிடக்கு.”

நான் எறியப் போனேன். எறிந்தது கூடைக்குக் கிட்டப் போய் விழுந்தது. நான் இறங்கிப் போய் அதை எடுத்து, கிழவர் காட்டின மாதிரி விளிம்பை இறுக்கி, மூச்சைப் பிடித்து, மெல்லத் தள்ளிவிட்டேன். தட்டு சங்கிலியில் மோதி, சலார் என்று சத்தம் போட்டு, கூடைக்குள் இருந்தது. வந்த நாளிலிருந்து முதல் தரம். எனக்கு என்னையே தெரியவில்லை.

“விழுந்திட்டுது! குகன், விழுந்திட்டுதடா!” என்று கத்தினேன். கையைத் தட்டினேன். “விழுந்திட்டுது!”

திரும்பிப் பார்த்தேன். அவன் பாதிச் சரிவில் போனைக் காதில் வைத்தபடி நின்றான். வாய் திறந்திருந்தது. நான் ஓடினேன். கிட்டப் போனதும் போனை என் காதில் வைத்து அழுத்தினான், கையை எடுக்கவில்லை.

“அக்கா?” சாந்தியின் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருகிற மாதிரி. “அக்கா, நீயோ கத்தினது? விழுந்திட்டுது எண்டு?”

“ஓமடி. நான்தான். எங்கையடி நிக்கிறாய்?”

“ஓம் அக்கா. எல்லாம் விழுந்திட்டுது. அங்கையும் சொல்லிப்போட்டினமே.”

அது ஒரு பிளாஸ்ரிக் தட்டு என்று நான் அவளுக்கு எப்படிச் சொல்ல?

“செட்டிகுளத்திலை முகாமிலை நிக்கிறம். நானும் பிள்ளையும். அவர் வரேல்லை.”

“பின்னாலை வருவாரடி. சனம் இன்னும் வந்துகொண்டிருக்குதாமெல்லே.”

“இல்லை அக்கா. வரமாட்டார். நான்தான் மண்ணாலை மூடிப்போட்டு வந்தனான்.” யாரோ அவளை அவசரப்படுத்துகிற சத்தம் கேட்டது. “ஆற்றையோ போன் இது, ஒளிச்சு வைச்சிருக்கினம். வைக்கப்போறன். தம்பியிட்டைச் சொல்லு, நம்பரை மாத்தவேண்டாமெண்டு.”

அவ்வளவுதான். லைன் போய்விட்டது. நான் புல்லில் இருந்துவிட்டேன். அத்தனை மாதங்களாகச் சேர்ந்த களைப்பு ஒன்றாக வந்து மேலே ஏறிக்கொண்டது. அவள் இருக்கிறாள் என்று சந்தோசப்படவேண்டும், அவர் இல்லை என்று அழவேண்டும், எதை முதலில் செய்வது என்று தெரியாமல் புல்லைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். காற்றுக்குச் சங்கிலிகள் ஆடிக்கொண்டிருந்தன.

“என்ன சொன்னவள் கடைசியிலை?” என்று குகன் கேட்டான்.

“நம்பரை மாத்தாதையாம்.”

அவன் தலையாட்டினான். முகத்தைச் சட்டைக் கையால் துடைத்தான். பிறகு என்னை அங்கேயே விட்டுவிட்டுச் சரிவால் இறங்கி, விறுவிறென்று, இரண்டு கூடை தள்ளி நின்ற அந்த வயதான சோடியை நோக்கிப் போனான். எறியக் கையை ஓங்கியிருந்த கிழவர் அவன் வருகிற வேகத்தைக் கண்டு கையை இறக்கினார். குகன் சகோதரங்களைக் கேட்ட அந்த மனிசிக்கு முன்னால் போய் நின்று, என்னைக் காட்டி ஏதோ சொன்னான். எனக்கு டேனிஷ் தெரியாது. அந்தத் தூரத்துக்குக் குரலும் கேட்கவில்லை. ஆனால் அவன் வலக்கையைத் தூக்கி, இரண்டு விரல்களை விரித்து, அவள் விளங்கிக்கொள்ளும் வரைக்கும் பிடித்துக்கொண்டே நின்றான்.